எழுபத்திரண்டில் ஒன்று

சிப்காட்டில் என் வேலை
கீறல் தேடுவது.
குழல்விளக்கு வரிசைக்குக் கீழே
பைக்கின் பெட்ரோல் டேங்க் ஒவ்வொன்றாய் வரும்.
கையுறை விரலால் தடவுவேன்,
கண்ணுக்கு முன்னால் விரலுக்குத் தெரிந்துவிடும்.
மயிரிழை என்றாலும் சிவப்பு ஸ்டிக்கர்.
ஒரு ஷிஃப்டுக்கு நானூற்றுப் பத்து டேங்க்.
ஒற்றைத் தூசிக்காக
முகம் தெரியாத யார் பெயரையோ
எழுதிக்கொடுத்திருக்கிறேன்.

அறைக்கு வந்து கைகழுவி
பிறந்து நாலே நாளான விமானத்தை
வேண்டுமென்றே அழுக்காக்குகிறேன்.

நேட் அதன் பெயர்.
கடிக்கிற சின்னப் பூச்சி என்று அர்த்தமாம்.
மூக்கிலிருந்து வால்வரை பன்னிரண்டரை சென்டிமீட்டர்.
நகவெட்டியால் கிள்ளியெடுத்த துண்டுகள்,
இடுக்கு அடைக்கக் கொஞ்சம் பட்டி,
அதைத் தேய்க்க
ஆயிரம் நம்பர் உப்புத்தாள், தண்ணீர் தொட்டு.
தின்னர் வாசனைக்கு நாகவேணி
ஜன்னலைத் திறந்து
ஓசூர்க் குளிரை உள்ளே விடுவாள்,
ஒரு வார்த்தை பேசாமல்.

வெள்ளி பூசிக் காய்ந்ததும்
பீரங்கி வாயோரம் பென்சில் கரி.
வால்குழலில் அடுப்பில் கருகிய பித்தளை நிறம்.
விமானி ஏறுகிற இடத்தில்
பூட்ஸ் உரசிப் பெயின்ட் போயிருக்க வேண்டுமே,
பஞ்சு நுனியால் ஒற்றி ஒற்றி எடுத்தேன்,
யாரும் போடாத பூட்ஸுக்காக.
சூப்பர்வைசர் தேவராஜப்பா பார்த்தால்
மொத்தமும் ரிஜெக்ட்.

விமானியின் தலை மிளகில் பாதி.
'தோல் நிறம்' என்று ஒட்டியிருந்த புட்டியில்
இருந்தது ரோஜா.
பாகலூர் ரோட்டுப் பசுமைக்குடிலில் பார்க்கலாம் அந்த நிறத்தை,
முகத்தில் பார்த்ததில்லை.
பழுப்பு ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு,
என் மணிக்கட்டுக்கு வந்ததும் நிறுத்தினேன்.
'யாரு இது, உங்க பாப்பிரெட்டிப்பட்டி ஆளா?'
என்றாள் நாகவேணி.
ஹெல்மெட் மாட்டியபின்
முகத்தில் மிச்சம் ஒரு புள்ளி.

கடைசியாகச் சக்கரம் ஒட்டினேன்.
மேசையில் வைத்தேன்.
பிஸ்கட்டுக்குக் காத்திருக்கும் நாய் மாதிரி
வாலை ஊன்றி உட்கார்ந்தது.

தாளைப் புரட்டினேன்.
மூன்றாம் படத்தின் மூலையில்
எறும்பு அளவு எழுத்து:
மூக்கில் ஐந்து கிராம் வைத்து மூடவும்.
நானூற்றுப் பத்து டேங்க் பார்க்கிற கண்
இதைத் தாண்டிப் போயிருக்கிறது.

முனிராஜு சைக்கிள் கடையில்
பால்ரஸ் குண்டு கேட்டேன்.
'எத்தனை?'
'அஞ்சு கிராம்.'
'கிராம் கணக்குல குண்டு வாங்குற முதல் ஆள் நீதான்மா.'
கிரீஸைத் துடைத்துக் காகிதத்தில் மடித்துத் தந்தார்.
காசு வேண்டாமாம்.

இறக்கைக்கடியில் மாட்டவேண்டிய குண்டு இரண்டும்
இன்னும் பிளாஸ்டிக் சட்டத்திலேயே தொங்குகின்றன.
கொள்கை ஒன்றுமில்லை,
தூக்கும்போது முதலில் ஒடிவது அவைதான்.
இந்தக் குண்டுகளை மட்டும்
முன்சக்கரத்தைப் பிடுங்கி அந்தத் துளை வழியே
ஒவ்வொன்றாய் உள்ளே தள்ளினேன்,
பின்னாலேயே பசை.
ஒன்று ஒட்டவில்லை.
சாய்த்தால் உருளும்.

ஞாயிறு காலை
பெயின்ட் காயட்டும் என்று மாடிக்கு எடுத்துப்போனேன்.
பெங்களூர்ப் பக்கமிருந்து
நிஜமான போர்விமானம் ஒன்று,
சத்தத்தை வெகு பின்னால் விட்டுவிட்டு.
கையை நீட்டி அளந்தேன்.
என் கட்டைவிரல் நகத்துக்குள் அடங்கிற்று.
கையில் இருப்பதுதான் பெரிது
என்று நினைத்து முடிக்கவில்லை,
வந்து சேர்ந்தது சத்தம்.
தண்ணீர்த்தொட்டியின் மூடி அதிர்ந்தது,
கீழ்வீட்டுக் குழந்தை வீறிட்டது,
என் கைக்குள்
ஒரு குண்டு உருண்டு
'டிக்' என்றது.

ராத்திரி ஷிஃப்டுக்குக் கிளம்புமுன்
நாகவேணி அதை எடுத்துக்
காதோரம் ஆட்டிப் பார்த்தாள்.
'உள்ள என்னமோ ஓடுது.
சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டட்டுமா?'

'கீழ வை.'

வைத்தாள்.
கொஞ்சம் யோசித்தது.
மூன்று சக்கரத்திலும் நின்றது.